மீதி 232 பேர்

ப்ளஸ் ஒன்னில் கணக்கு இல்லாத குரூப் எது என்று விசாரித்துச் சேர்ந்தவள் நான். ப்யூர் சயின்ஸ். "டாக்டராகப் போறேன், அதுக்குக் கணக்கு எதுக்கு?" என்று அப்பாவிடம் சொன்னேன். டாக்டராகவும் ஆகவில்லை, கணக்கும் என்னை விடவில்லை. தென்காசிப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் விலங்கியல் எடுக்கிறேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் எம்.எஸ்ஸி.க்கு உயிரியலில் கணித மாடல்கள் பற்றி ஒரு பேப்பர் புதிதாக வந்தது. அதை யார் தலையில் கட்டுவது என்று துறையில் பேசிய அன்று நான் லீவு. மறுநாள் போனால் டைம்டேபிளில் என் பெயர்.

கணக்குத் துறையில் ஒரு சார் இருக்கிறார், ரிட்டயர்மென்ட்டுக்குப் பக்கம். மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸோடு அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். வகைக்கெழு என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அவர் அந்த வார்த்தையையே எடுக்கவில்லை. "மேடம், தண்ணித் தொட்டி தெரியுமில்ல? மேல குழாய் திறந்திருக்கு, அடியில ஓட்டை இருக்கு. இப்ப எவ்வளவு தண்ணி இருக்கு, எவ்வளவு வேகமா வருது, எவ்வளவு வேகமா போகுது. அவ்வளவுதான் உங்க பேப்பரே. மீதியை கம்ப்யூட்டர் பாத்துக்கும்." அந்தக் கடைசி வரியை நான் அப்படியே நம்பினேன்.

பாடத்துக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரு பழைய ஃப்ளூ கதை. 1978 ஜனவரியில் இங்கிலாந்தின் வடக்கே ஆண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளியில் நடந்தது. மொத்தம் 763 பையன்கள். இரண்டு வாரத்துக்குள் 512 பேர் படுத்துவிட்டார்கள். எந்த நாளில் எத்தனை பேர் படுக்கையில் இருந்தார்கள் என்ற கணக்கு அதே வருஷம் மார்ச்சில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் சின்னக் குறிப்பாக வந்தது. ஜனவரி 22ஆம் தேதி 3 பேர். அப்புறம் 8, 26, 76, 225, 298 என்று விறுவிறுவென்று மலையேறி, 258, 233 என்று இறங்கி, பதினான்காம் நாள் 4 பேரில் வந்து நிற்கும். இந்தப் பேப்பர் எடுக்கிற வாத்தியார்களுக்கு இந்தப் பதினான்கு எண்கள் பால்பாடம் மாதிரி. விடுதி என்பதால் வெளியாள் அதிகம் கிடையாது, எல்லாம் பள்ளி வயசுக் கூட்டம், தினமும் எண்ணியிருக்கிறார்கள். வேறென்ன வேண்டும்?

மாடலும் எளிது. மூன்று டப்பா. முதல் டப்பாவில் இனிமேல் நோய் வரக்கூடியவர்கள், அதற்கு எஸ் என்று பெயர். இரண்டாவதில் இப்போது நோயோடு இருப்பவர்கள், ஐ. மூன்றாவதில் தேறியவர்கள், ஆர். எஸ்ஸும் ஐயும் எவ்வளவு உரசிக்கொள்கிறார்களோ அந்த வேகத்தில் ஆள் முதல் டப்பாவிலிருந்து இரண்டாவதுக்கு வருவார். இரண்டாவதில் சில நாள் இருந்துவிட்டு மூன்றாவதுக்குப் போவார். எடின்பரோவில் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர் 1927இல் எழுதியது. கெர்மாக் ஒரு வேதியியலாளர், ஆய்வக விபத்தில் கண்பார்வை போனவர். மெக்கென்ட்ரிக் ராணுவ மருத்துவராக நம் நாட்டில் வேலை பார்த்தவர், கசௌலி பாஸ்டர் நிலையத்தில் இருந்திருக்கிறார்.

முதல் வருஷம் எக்செல்லில்தான் செய்ய வைத்தேன். எங்கள் லேபில் பன்னிரண்டு கம்ப்யூட்டர், அதில் ஒன்பது ஓடும். ஒரு வரிசை ஒரு நாள். இன்றைய எண்ணிக்கையிலிருந்து நாளைய எண்ணிக்கை. புதிதாக நோய் வாங்குபவர்கள் 0.00218 பெருக்கல் எஸ் பெருக்கல் ஐ, தேறுபவர்கள் 0.44 பெருக்கல் ஐ. இந்த இரண்டு எண்களும் பாடப்புத்தகத்திலிருந்து. 762 பேர் நல்லபடியாக, ஒருவன் நோயோடு, இழு கீழே. வளைவு அழகாக எழும்பி அழகாக விழுந்தது. ஆனால் உச்சி ஒன்பதாம் நாளில், 365 பேரோடு. நிஜத்தில் உச்சி ஆறாவது நாளே வந்துவிட்டது, 298 பேர். நானும் பிள்ளைகளும் ஃபார்முலாவில் டாலர் குறி எங்கே விட்டுப் போனது என்று ஒரு மணி நேரம் தேடினோம். ஃபார்முலா சரியாகத்தான் இருந்தது.

சார் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "நாளைக்கு ஒரு தடவை வட்டி போடுறீங்க. நோய் மீட்டர் வட்டி மேடம். காலையில தொத்துனவன் சாயங்காலமே அடுத்தவனுக்குக் குடுத்துருவான்." வரிசைக்கு ஒரு நாள் என்பதைப் பத்தில் ஒரு நாள் ஆக்கினோம். பதினான்கு வரிசை நூற்று நாற்பது ஆனது. உச்சி ஏழாம் நாளுக்கு முன்னால் வந்து நின்றது, உயரமும் 300ஐ ஒட்டி இறங்கியது. அதே மாடல், அதே எண்கள்தான். நடந்த அடியின் நீளம் மட்டும் வேறு. அன்றைக்கு எனக்குப் புரிந்த விஷயம், மாடல் என்பது ஒன்று, அதைக் கணக்குப் போடும் விதம் இன்னொன்று, இரண்டிலும் தனித்தனியாகத் தப்பு செய்யலாம்.

அடுத்த வருஷம் கோபாசிக்கு மாறினேன். இலவச மென்பொருள். பெட்ரோ மென்டிஸ் என்பவர் தொண்ணூறுகளில் எழுதிய கெபாசி என்ற நிரலின் வாரிசு. உயிர்வேதியியல் ஆட்களுக்காகச் செய்தது, அதனால் அதில் சமன்பாடு எழுதவே வேண்டாம். வேதிவினை எழுதுகிற மாதிரி எழுதினால் போதும். எஸ்ஸும் ஐயும் சேர்ந்தால் இரண்டு ஐ, ஐ மாறினால் ஆர், இரண்டே வரி. சமன்பாட்டை அது தானே கட்டிக்கொள்ளும். அடி எவ்வளவு நீளம் என்பதையும் அதுவே வளைவின் செங்குத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். கணக்குக்குப் பயந்த விலங்கியல்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒன்று சொல்ல வேண்டும். முதல் தடவை ஓட்டியபோது படத்தின் இடது ஓரத்தில் 4.6 பெருக்கல் 10 அடுக்கு 23 என்று வந்தது. விடுதியில் அத்தனை பையன்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பின்வரிசையில் ஒரு பையன், பி.எஸ்ஸி.யில் வேதியியல் துணைப்பாடம் படித்தவன், "மேம், அவகாட்ரோ எண் உள்ள வந்துருச்சு" என்றான். ஒரு மோல் பொருளில் எத்தனை மூலக்கூறு என்று சொல்கிற எண் அது. அந்த மென்பொருளுக்கு அளவு என்றால் மில்லிமோல், மில்லிலிட்டர். நான் 762 என்று அடித்ததை அது மில்லிமோல் என்று எடுத்துக்கொண்டு, மூலக்கூறுகளை எண்ணிக் கொடுத்திருக்கிறது. அலகைத் தலை எண்ணிக்கைக்கு மாற்றினதும் சரியானது. அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன், வகுப்பு தூங்கினால் காட்டுவேன்.

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று யாராவது முனகினால் ஹக்ஸ்லி என்ற விஞ்ஞானியின் கதையைச் சொல்வேன். நரம்பில் துடிப்பு எப்படி ஓடுகிறது என்று ஹாட்ஜ்கினும் அவரும் 1952இல் எழுதிய சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டிய நேரத்தில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டரைப் பெரிய மாற்றங்கள் செய்வதற்காக ஆறு மாதம் போல நிறுத்திவிட்டார்கள். ஹக்ஸ்லி கைப்பிடி சுற்றுகிற கணக்கு மெஷினை வாரக்கணக்கில் சுற்றி அந்தக் கோட்டை எடுத்தார். 1963இல் நோபல். பிள்ளைகள் மரியாதைக்குக் கேட்டுக்கொள்வார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோபாசியிடம் அந்தப் பதினான்கு எண்களைக் கோப்பாகக் கொடுத்து, இதற்கு ஒத்துவருகிற மாதிரி இரண்டு வேகங்களையும் நீயே கண்டுபிடி என்று சொல்லலாம். பொத்தானை அழுத்தினால் சில நொடியில் புள்ளிகளும் கோடும் ஒட்டிக்கொள்ளும். உச்சி 293, ஆறரை நாளில். ஒரு நோயாளி சராசரியாக மூன்றே முக்கால் பேருக்குக் கொடுக்கிறான் என்று ஒரு எண்ணும் கிடைக்கும். இந்த இடத்தில் நான் ஒரு நிமிஷம் பேசாமல் நிற்பேன். மூன்று டப்பா, இரண்டு எண், ஒரு பள்ளிக்கூடத்தின் இரண்டு வாரக் காய்ச்சல் முழுவதும் அதற்குள். நான்கு வருஷமாக இந்த நிமிஷத்துக்காகவே அந்தப் பேப்பரை எடுத்தேன் என்று சொல்லலாம்.

போன செமஸ்டரில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். வகுப்பில் அதிகம் பேசாதவள். அவள் ஐயின் கோட்டைப் பார்க்கவில்லை, எஸ்ஸின் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "மேம், கடைசில எஸ்ல 19 பேர்தான் மிச்சம். அப்ப 744 பேருக்குக் காய்ச்சல் வந்திருக்கணும். 512 பேர்தான படுத்தாங்கன்னு சொன்னீங்க? மீதி 232 பேர் எங்க மேம்?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லி அட்டெண்டன்ஸ் எடுத்தேன். வகுப்பு ஆரம்பத்திலேயே ஒரு தடவை எடுத்தாயிற்று என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அன்று ராத்திரி நோட்டில் உட்கார்ந்து போட்டேன். பதினான்கு நாள் எண்களையும் கூட்டினால் ஏறத்தாழ 1,550 வருகிறது. அது ஆள் கணக்கில்லை, படுக்கை நாள் கணக்கு. 512 பேருக்கு வகுத்தால் ஆளுக்கு மூன்று நாள். மாடலில் ஒரு பையன் இரண்டாவது டப்பாவில் இருப்பது இரண்டே கால் நாள்தான், ஆனால் 744 பேர். நிறையப் பேரைக் கொஞ்ச நாள் படுக்க வைத்தாலும், கொஞ்சம் பேரை நிறைய நாள் படுக்க வைத்தாலும் தினசரிக் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். கல்யாண மண்டபத்தில் மணிக்கு ஒரு தடவை பந்தியை எட்டிப் பார்த்து எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டால், சாப்பிட்டவர்கள் மொத்தம் எத்தனை என்று தெரியாது. அதற்குத்தான் சமையல்காரர் இலையை எண்ணுகிறார். 512 என்பது இலைக் கணக்கு. அதை நான் கோபாசியிடம் கொடுக்கவே இல்லை. கொடுக்காததை அது எப்படிக் கேட்கும்? கொடுத்த பதினான்கு புள்ளிகளுக்கு விசுவாசமாகக் கோடு போட்டுக் கொடுத்தது.

மறுபக்கத்திலிருந்தும் போய்ப் பார்த்தேன். 763இல் 512 பேருக்கு மட்டும்தான் நோய் வந்தது என்று வைத்துக்கொண்டால், இதே மூன்று டப்பா மாடலில் ஒருவன் சராசரியாக 1.7 பேருக்குத்தான் கொடுத்திருக்க முடியும். மூன்று நாள் படுக்கையோடு சேர்த்தால் நோயாளிகள் இரட்டிப்பாக மூன்று நாள் ஆகும். ஆனால் அந்தப் பள்ளியில் 8, 26, 76, 225 என்று தினமும் மும்மடங்கு ஆகியிருக்கிறது. பக்கத்திலேயே வரவில்லை. ஆக, மூன்று டப்பாவை வைத்துக்கொண்டு வளைவைப் பிடித்தால் தலை எண்ணிக்கை உதைக்கிறது, தலை எண்ணிக்கையைப் பிடித்தால் வளைவு உதைக்கிறது.

அப்போதுதான் வெட்கத்தோடு ஒரு காரியம் செய்தேன். அந்த மூலக் குறிப்பைத் தேடி எடுத்துப் படித்தேன். நான்கு வருஷமாகப் பாடம் எடுத்தவள் அதைப் படித்ததே இல்லை, புத்தகத்தில் இருந்த பட்டியலோடு சரி. அதில் பாடப்புத்தகம் விட்டுவிட்ட எவ்வளவோ இருக்கிறது. ஹாங்காங்கிலிருந்து வந்த ஒரு பையனுக்கு ஜனவரி 15லிருந்து 18 வரை காய்ச்சல் அடித்து விட்டிருக்கிறது. அதற்கு நான்கு நாள் கழித்துத்தான் அந்த முதல் மூன்று பேர். படத்தில் ஒரு கோடு இல்லை, இரண்டு கோடு: படுக்கையில் இருப்பவர்கள் ஒன்று, எழுந்து தேறிவருபவர்கள் இன்னொன்று. அப்புறம், பையன்களோடு பழகிய பெரியவர்கள் நூற்று முப்பது பேர் போல இருந்திருக்கிறார்கள். அவர்களில் இதே மாதிரி உடம்புக்கு வந்தது ஒரே ஒருவருக்கு.

இந்தக் கடைசி வரிதான் என்னை நாற்காலியில் நிமிர வைத்தது. இது கணக்கில்லை, என் பாடம். அந்த வைரஸ் எச்1என்1. 1957இல் வேறொரு வகை ஃப்ளூ வந்து அதைத் துரத்திவிட்டது, இருபது வருஷம் மனிதர்களிடம் அது சுற்றவில்லை, 1977இல் திரும்பி வந்தது. பெரியவர்கள் 57க்கு முன்னால் அதைச் சந்தித்திருப்பார்கள், அதனால் தப்பித்தார்கள். பையன்களுக்கு வயசு 10லிருந்து 18. மூத்தவனே அது போன பிறகு பிறந்தவன்.

மறுநாள் வகுப்பில் 232 பேருக்கு இரண்டு விளக்கம் எழுதிப் போட்டேன். ஒன்று, அவர்களுக்கு ஏற்கெனவே எதிர்ப்பு இருந்தது, நோய் தொற்றவே இல்லை. இரண்டு, தொற்றியது, ஆனால் படுக்கிற அளவுக்கு இல்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வகுப்புக்கு வந்துவிட்டார்கள். கோபாசியில் இரண்டையும் ஓட்டினோம். இரண்டுக்கும் கோடு புள்ளிகள் மேல் கச்சிதமாக உட்காருகிறது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். பிறந்த வருஷத்தைப் பார்த்தால்தான் முதல் விளக்கத்தின் பலம் குறைகிறது. நான் இரண்டாவதின் பக்கம். அந்தப் பெண் இன்னும் முடிவு செய்யவில்லையாம்.

அப்புறம் டப்பாக்களைக் கூட்டினோம். படுக்கையில் இருப்பவன் அறையில் தனியாகக் கிடக்கிறான், அவன் யாருக்குக் கொடுப்பான்? கொடுப்பதெல்லாம் படுப்பதற்கு முந்தின ஒரு நாள், ஒன்றரை நாளில்தான். ஆகவே கொடுக்கிறவன் ஒரு டப்பா, படுத்தவன் ஒரு டப்பா, தேறிவருபவன் ஒரு டப்பா, படுக்காமலே தேறியவனுக்குக் குறுக்கு வழி ஒன்று. பலகையில் வரைந்து முடித்ததும் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு மாதிரி இருந்தது. இதையும் கோபாசி சந்தோஷமாகப் பொருத்தியது, எந்த மாடலைக் கொடுத்தாலும் அதற்குச் சந்தோஷம்தான். ஆனால் பதிலுக்குக் கீழே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு எண்ணுக்கும் எவ்வளவு தள்ளாட்டம் என்று ஒரு பட்டியல் இருக்கும். முந்தின வருஷங்களில் நான் அந்தப் பக்கத்தைத் திறந்ததே கிடையாது. கொடுக்கும் வேகமும், கொடுத்துக்கொண்டிருக்கும் நாட்களும் ஒன்றோடொன்று கையைக் கோத்துக்கொண்டு இருந்தன. ஒன்றை ஏற்றினால் மற்றொன்று இறங்கி, கோட்டை அதே இடத்தில் நிறுத்திவிடும். இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல பதினான்கு புள்ளிகளுக்குத் தெம்பில்லை.

கணக்கு சாரிடம் போய் இதைச் சொன்னேன், அவரைக் குற்றம் சொல்கிற தொனியில்தான். மீதியைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்றீர்களே. அவர் மோரைக் குடித்து முடித்துவிட்டு, "கெர்மாக் பேப்பர்ல என்ன டேட்டா போட்டிருந்தாங்க, பாத்தீங்களா?" என்றார். பார்த்தேன். பம்பாய் பிளேக். 1905 டிசம்பரிலிருந்து 1906 ஜூலை வரை வாராவாரம் எத்தனை சாவு என்ற கணக்கு. அதன் மேல் அவர்கள் கையால் போட்ட வளைவு அப்படிப் பொருந்துகிறது. ஆனால் பம்பாயில் பரவியது எலியும் தெள்ளுப்பூச்சியும் வழியாக வந்த பிளேக். மனிதனிடமிருந்து மனிதனுக்குப் போகிற மூன்று டப்பாவுக்குள் எலி எங்கே? மனிதர்களின் பிளேக் எலிகளின் பிளேக்குடைய நிழல் என்ற அர்த்தத்தில் அவர்களே அந்தக் கட்டுரையில் எழுதி வைத்திருக்கிறார்கள். வளைவு மட்டும் நூறு வருஷமாகப் புத்தகம் புத்தகமாகச் சுற்றுகிறது.

இந்த செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு அந்தப் பெண் எங்கள் பெண்கள் விடுதியையே எடுத்துக்கொண்டாள். இரண்டு மாதம் முன்னால் அங்கே மெட்ராஸ் ஐ ஒரு சுற்று வந்து போனது. வார்டனிடம் பதிவேடு இருக்கிறது, தேதி வாரியாக, அறை எண்ணோடு. மொத்தம் 31 பேர். நான் பார்த்ததும், நல்ல டேட்டா, மூன்று டப்பாவில் போட்டுப் பார் என்றேன். இத்தனைக்கும் பிறகு, என் வாயிலிருந்து அதுதான் வந்தது.

"மேம், இது லீவு போட்டு ஊருக்குப் போனவங்க லிஸ்ட்" என்றாள். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தவர்கள் அதில் இல்லை. அவளே அப்படி வந்தவள்தானாம். இப்போது ஒரு நோட்டோடு சாயங்காலம் சாயங்காலம் அறை அறையாகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நேற்று வரை முதல் மாடி முடிந்திருக்கிறது, கணக்கு 58.